எடுக்க மாட்டேங்கு

ராதாபுரம் பக்கத்தில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாரும் சொல்வதில்லை. "வண்டி எடுக்க மாட்டேங்கு" என்பார்கள். பிள்ளை சோறு திங்க மாட்டேங்கு, மாடு தவிடு குடிக்க மாட்டேங்கு என்று சொல்கிற அதே குரலில், ஏதோ வண்டிக்குப் பிடிவாதம் வந்துவிட்டது போலச் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சுக்குள் குறைந்தது மூன்று சங்கதிகள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காமல் இருப்பது ஒன்று. செல்ஃப் மோட்டார் முக்கி முக்கி மெதுவாகச் சுற்றுவது இன்னொன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காமல் இருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு. எது என்று கேட்டுப் பிரிக்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்பார் அப்பா.

இந்தக் கேட்டுப் பிரிக்கிற வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பட்டறையில் பெண்ணுக்கு எது மறுக்கப்படுகிறது என்று என்னிடம் கேட்டால், ஸ்பேனர் என்று சொல்லமாட்டேன். ஸ்பேனரை எத்தனையோ முறை என் கையில் கொடுத்திருக்கிறார்கள், கழுவி வைக்கச் சொல்லி. மறுக்கப்பட்டது, கோளாறு இதுதான் என்று சொல்லும் உரிமை.

அப்பாவின் பட்டறை வள்ளியூர் போகிற சாலையில் இருந்தது. ஒரு ஓலைச் சாய்ப்பு, எண்ணெய் ஊறிக் கறுத்த மண் தரை, மழைக்கு ஒதுங்கத் தகரக் கொட்டகை. எனக்கு ஏழெட்டு வயதிலிருந்து டார்ச் பிடிக்கிற வேலை. லாரிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். மூன்றாவது கை நான். டார்ச் பிடிப்பதை யாரும் வேலை என்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பிடித்தவர்களுக்குத் தெரியும், கை போகிற இடத்துக்கு வெளிச்சம் ஒரு நொடி முன்னால் போயிருக்க வேண்டும். பிந்தினால் திட்டு விழும். முந்த வேண்டுமென்றால், அடுத்து எந்த நட்டைத் தொடப்போகிறார், எதற்காகத் தொடப்போகிறார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பத்து வருடம் நான் அப்படி முந்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து வருடத்தில் பட்டறைக்கு எத்தனையோ பையன்கள் வந்தார்கள். முதல் வருடம் டீசலில் சாமான் கழுவினார்கள், டீ வாங்கி வந்தார்கள். இரண்டாம் வருடம் சக்கரம் கழற்றினார்கள். மூன்றாம் வருடம் அவர்களுக்குச் 'சின்ன மெக்கானிக்' என்று பெயர் வந்தது. நான் பத்தாம் வருடமும் 'அண்ணாச்சி மக'தான். ஒருவரும் என்னை விரட்டவில்லை, ஒருவரும் கொடுமைப்படுத்தவும் இல்லை. எனக்கு ஏணி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

2002இல் கூடங்குளத்தில் அணுமின் நிலையக் கட்டுமானம் தொடங்கியது. எங்கள் சாலையில் லாரிகள் கூடின. அதற்குப் பிறகு காற்றாலைச் சாமான்கள் ஏற்றிய நீள வண்டிகள், கல் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிக் காவல்கிணறு வழியாகக் கேரளத்துக்குப் போகிற டிப்பர்கள் என்று வேலை ஓயவில்லை. அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கத் தொடங்கியது. டார்ச் பிடிக்கிறவள் பார்த்தும் சொல்ல வேண்டியதாயிற்று. "என்ன தெரியுது?" என்று அவர் கேட்பார், நான் சொல்வேன், அவர் முடிவெடுப்பார். கொஞ்ச நாளில் முடிவையும் நானே சொன்னேன். வண்டிக்காரரிடம் அதை அறிவிக்கிற வாய் மட்டும் அப்பாவுடையதாக இருந்தது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் 16, 18 மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோலப் பொடித் தூறலாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படை இதுதான். இன்றைக்கு ராதாபுரம் சந்தையில் தக்காளி இறக்குகிற லாரிக்கும் அடிப்படை இதுதான். ஆகவே எடுக்காத வண்டியிடம் கேட்க மூன்றே கேள்விகள். போதுமான வேகத்தில் சுற்றுகிறதா? காற்று சரியாக நெருங்குகிறதா? டீசல் நாசில் வரைக்கும் வந்து சேருகிறதா?

அப்பா ஒரு வரிசை வைத்திருந்தார். காசு செலவாகாத கேள்வி முதலில், கழற்ற வேண்டிய கேள்வி கடைசியில். டேங்கில் டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார். மீட்டரை நம்பாதே. பழைய வண்டியென்றால், இன்ஜினை அணைக்க இழுக்கிற ஸ்டாப் கேபிள் திரும்பி வந்திருக்கிறதா என்று பார். பாதியில் சிக்கிக்கொண்டால் பம்ப் டீசலே கொடுக்காது. பிறகு பேட்டரி. லாரிக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 19க்குக் கீழே இறங்கினால் பேட்டரி சரியில்லை. இறங்காமலும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எர்த் வயரின் முனையைப் பார். சேசிஸில் திருகிய இடத்தில் துருவும் மண்ணும் ஏறியிருக்கும். அதைச் சுரண்ட ஒரு உப்புத்தாள் போதும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறதென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல, வண்டியின் பின்பக்கத்தை. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் வாயைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு பார்வையில் பாதிக் கோளாறுகள் விலகிவிடும். அதன் பிறகுதான் ஸ்பேனர். ஃபில்டர் மேலிருக்கிற ஏர் ஸ்க்ரூவை இளக்கிவிட்டுக் கையால் பிரைமரை அழுத்தினால் டீசல் வரும். நுரையாக வருகிறதா, நுரை நின்று தெளிந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். டீசலோடு காற்று கலந்திருந்தால் பம்ப் அந்தக் காற்றைத்தான் நெருக்கிக்கொண்டிருக்குமே தவிர, நாசிலைத் திறக்கிற அழுத்தம் வராது. நாசில் திறக்க 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். காற்று பஞ்சு மாதிரி. எவ்வளவு அமுக்கினாலும் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

நுரை பார்க்க எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கள் ஆச்சி கருப்பட்டி காய்ச்சியவள். பதநீர் கொதிக்கும்போது முதலில் வருகிற நுரை வேறு, பாகு இறுகும்போது எழும்புகிற குமிழ் வேறு. சின்னக் குமிழ், பெரிய குமிழ், கனத்து மெதுவாக உடைகிற குமிழ் என்று பார்த்து, கடைசியில் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வாள். ஒரு நிமிடம் பிந்தினால் பாகு கரிந்துபோகும், முந்தினால் சிரட்டையில் ஊற்றியது இறுகாது. பனையேறுவது ஆண்களின் தொழில் என்று எல்லோருக்கும் தெரியும். தேரிக்காட்டிலும் எங்கள் பக்கத்திலும் அந்தப் பதநீரைக் கருப்பட்டியாக்கிய பெண்களின் கண்ணைத் தொழில் என்று சொன்னவர்கள் குறைவு. 'கைப்பக்குவம்' என்றார்கள். ஆண் கண்டுபிடித்தால் அறிவு, பெண் கண்டுபிடித்தால் பக்குவம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எங்கள் ஊரில் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டிருந்த நேரம். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒரே ஒரு பழைய டிப்பர் வைத்து அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி எடுக்கவில்லை. வேறொரு பட்டறையிலிருந்து ஆள் வந்து பார்த்து, "பம்ப் போச்சு, இறக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். பம்பை இறக்கி, பம்ப் ரூமுக்கு அனுப்பி, எலிமெண்ட் மாற்றி, கேலிபரேஷன் செய்து திரும்பி வர 30,000 ரூபாய்க்குக் குறையாது, ஒரு வாரம் ஓட்டம் போகும். இரண்டாவதாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அப்பாவைத் தேடி வந்திருந்தார். அப்பாவால் வெளியே போக முடியாத காலம் அது. நான் போனேன்.

வண்டி வீட்டு வாசலில் நின்றது. சாலைப் பக்கம் மேடு, வீட்டுப் பக்கம் பள்ளம். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்திருந்தது. செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நன்றாகச் சுற்றியது. சைலன்சரில் புகையில்லை.

"சூடா இருக்கும்போது எப்பவாச்சும் எடுக்காம நின்னுருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. குவாரில அணைச்சுப் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தாலும் ஒத்தச் செல்ஃப்ல எடுத்துரும். இன்னைக்குத்தான் திடீர்னு நின்னுட்டு."

திண்ணையில் அவருடைய மனைவி நின்றிருந்தாள். "திடீர்னு இல்லக்கா," என்றாள். "மூணு வாரமாவே காலைல இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கு. மொதல்ல ரெண்டு தடவ அடிப்பாவ, பொறவு நாலு. போன வாரம் பத்துக்கு மேல. ஞாயித்துக்கிழம நிறுத்திப் போட்டா திங்கக்கிழம இன்னும் மோசம்."

"ஒனக்கு என்னட்டி தெரியும், உள்ள போ" என்றார் அவர்.

அவளுக்குத் தெரிந்தது என்னவென்று சொல்கிறேன். பம்ப் தேய்ந்துபோனால் கோளாறு சூட்டில்தான் முதலில் தெரியும். சூடான டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த எலிமெண்டின் இடுக்கு வழியாக நழுவிவிடும். காலையில் எடுக்கும், குவாரியில் சூடாக நிறுத்தினால் எடுக்காது. இந்த வண்டி நேர்மாறு. சூட்டில் எடுக்கிறது, இரவு நின்றால் எடுக்க மாட்டேன் என்கிறது, இரண்டு இரவு நின்றால் இன்னும் மோசம். குளிர் என்று சாக்குச் சொல்ல ராதாபுரத்தில் குளிரும் கிடையாது. அப்படியென்றால் வண்டி நிற்கிற நேரத்தில், பைப்பில் இருக்கிற டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்குகிறது. இறங்க வேண்டுமென்றால் எங்கிருந்தோ காற்று உள்ளே வர வேண்டும். மூக்கு மேட்டில் நிற்பதால் இறங்குவது இன்னும் சுலபம். நாள்தோறும் அடுப்படியிலிருந்து செல்ஃப் சத்தத்தை எண்ணியவளின் கணக்கு, பம்ப் குற்றவாளி இல்லை என்று ஏறக்குறைய முடித்துக் கொடுத்துவிட்டது. முந்தின நாள் வந்த ஆள் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

பிரைமரை அழுத்தினேன். நுரை. ஐம்பது முறை அழுத்தியும் நுரை நிற்கவில்லை. ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வருகிற ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேனிலிருந்து உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றைக் கொடுத்தேன். ஏர் எடுத்தேன். நுரை நின்றது, டீசல் தெளிந்து வந்தது. இரண்டாவது செல்ஃபில் வண்டி எடுத்தது. கேனில் ஓடுகிறது, டேங்கில் ஓடவில்லை. ஆகவே கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். அந்த நீளம் முழுக்கக் கையால் தடவிக்கொண்டு போனேன். ரப்பர் ஹோஸ் சேசிஸில் உரசுகிற இடத்தில், கிளாம்புக்கு அடியில், மயிரிழை அளவு வெடிப்பு. சுற்றிலும் காய்ந்த செம்மண். ஒரு சொட்டு டீசல் வெளியே இல்லை.

இருக்காது. ஃபீட் பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒழுகுகிற ஓட்டையை எவரும் பார்த்துவிடலாம். உறிஞ்சுகிற ஓட்டை வெளிப்பார்வைக்குக் காய்ந்து கிடக்கும். புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், பாஞ்சோ போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர். எல்லாம் சில நூறு ரூபாயில் முடிந்தது.

பிறகுதான் தெரிந்தது, வண்டியின் ஆர்.சி. அவள் பெயரில் இருந்தது. தவணைக் கடன் பத்திரத்தில் இருந்த கையெழுத்தும் அவளுடையது. பம்புக்காக அடகு வைக்க எடுத்து வைத்திருந்த சங்கிலியும் அவளுடையது. சட்டப்படி அந்த வாசலில் நின்ற வண்டியின் முதலாளி, "உள்ள போ" என்று சொல்லப்பட்டவள்தான். அடுத்த வாரம் அவர் டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்: "அண்ணாச்சி ஆள் அனுப்பிச் சரி பண்ணிட்டாவ." அண்ணாச்சி அன்றைக்கு வீட்டில் படுத்திருந்தார்.

பெண்கள் ஏன் லாரி மெக்கானிக் ஆவதில்லை என்று கேட்டால் எடையைக் காட்டுவார்கள். கியர் பாக்ஸ் கனம், ஹெட் கனம், வீல் கனம். நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த டிப்பர் ஏற்றுகிற ஜல்லியைச் சாலை வேலையில் கூடை கூடையாகத் தலையில் சுமப்பது யார்? வெயிலில் தார் வாடையில் நின்று கொட்டிப் பரப்புவது யார்? கனம் தூக்குவதிலிருந்து எங்களை யாரும் காப்பாற்றவில்லை. அத்துடன் பட்டறையில் கனத்தை ஆணும் தனியாகத் தூக்குவதில்லை. செயின் பிளாக் இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, நாலு பேர் இருக்கிறார்கள். மேலே நான் சொன்ன சோதனையில் ஒரு கிலோவுக்கு மேல் நான் தூக்கியது டீசல் கேனை மட்டும்தான். கோளாறு கண்டுபிடிப்பதற்குப் பலம் தேவையில்லை. அதில்தான் கூலியும் கூட, மரியாதையும் கூட. யாருடைய பணம் எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

திருநெல்வேலி மாவட்டத்தில் பீடி சுற்றும் வீட்டில் பிறந்த எவளுக்கும் இது புதிதில்லை. இலை வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, நூல் கட்டி நாள் முழுக்கச் செய்வது பெண். அதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்ததும், இது தேறும், இது தேறாது என்று கழித்துப் போடுவது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். கழித்ததற்குக் கூலி கிடையாது. செய்வது ஒருத்தி, சரியா தவறா என்று சொல்வது வேறொருவர்.

சட்டமும் இதே பாஷையில் பேசியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22ஆம் பிரிவு ஓடுகிற இயந்திரங்களைப் பற்றியது. இயந்திரத்தை ஓட்டுகிற முதன்மை இன்ஜினோ அதன் விசையைக் கடத்துகிற பாகங்களோ இயங்கிக்கொண்டிருக்கும்போது அவற்றைச் சுத்தம் செய்யவோ, எண்ணெயிடவோ, சரிப்படுத்தவோ பெண்களையும் இளம் வயதினரையும் விடக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் பட்டறையில் பத்துப் பேர் இல்லை, அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் நாங்கள் வரமாட்டோம். ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பழகிய குரல் கேட்டது. ஆபத்து உண்மைதான். ஓடுகிற பெல்ட் கையைப் பிடித்தால் ஆண் கை, பெண் கை என்று பார்க்காது. அதற்குத் தீர்வு பெல்ட்டுக்கு மூடி போடுவது. பெண்ணை நகர்த்தி நிறுத்தினால் பெல்ட் திறந்தேதான் இருக்கும், நிற்கிற ஆணின் கைதான் போகும். ஓடும்போதுதான் இன்ஜின் தன் கோளாறைச் சொல்லும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அணைந்த இன்ஜினைத் துடைக்கலாம், ஓடுகிற இன்ஜினைத் தொடக்கூடாது என்றால், பெண்ணுக்கு மிஞ்சுவது துடைக்கிற வேலைதான்.

அதே சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கியது. அந்த இரவுத் தடை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் இரவு இரண்டு மணிக்கு நின்றுபோன லாரிக்கு நான் தனியாகப் போக முடியாது என்பதும் அப்படியே இருக்கிறது. லாரிகள் இரவில்தான் ஓடுகின்றன, இரவில்தான் நிற்கின்றன, வழியில் நின்ற வண்டிக்குத்தான் கூலி அதிகம். தொழிலின் நல்ல பாதி இருட்டில் நடக்கிறது.

அதற்கு ஒரு குறுக்கு வழி, நான் தேடாமலே வந்தது. போன். "எக்கா, பணகுடி தாண்டி நிக்கேன், எடுக்க மாட்டேங்கு" என்று ஒரு பையன் கூப்பிடுவான். போனை இன்ஜின் பக்கத்தில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்வேன். கம்ப்ரஷன் சரியாக இருக்கும் இன்ஜின் சுற்றும்போது ஒரு தாளம் இருக்கும், அம்மியில் அரைக்கிற மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி. ஒரு சிலிண்டர் விட்டுப்போனால் தாளத்தில் ஓர் இடம் வழுக்கும். எல்லாம் விட்டுப்போனால் ஏற்ற இறக்கமே இல்லாமல் காற்றாடி போலச் சுற்றும். "கிளீனரை பின்னால அனுப்பு. புகை வருதான்னு கேட்டுச் சொல்லு." அவன் சொல்வான், நான் சொல்வேன், பாதி வண்டிகள் பட்டறைக்கு வராமலே ஓடிவிடும். வேடிக்கை என்னவென்றால், போனில் என் வார்த்தையைக் கேட்கிற இதே பையன்கள் நேரில் வந்தால் முதலில் கேட்பது "அண்ணாச்சி இல்லையா?" குரலை ஏற்றுக்கொள்கிறார்கள், ஆளைப் பார்த்தால் தயங்குகிறார்கள். அப்பா போன பிறகும் சிலர் அப்படியே கேட்டார்கள்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது, முன்னால் நடந்தவர்களைப் பற்றி யாராவது நினைவூட்டுவார்கள். பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று பத்திரிகைகள் எழுதின. டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் சாந்தி தேவி கணவரோடு சேர்ந்து லாரி டயர்களையும் இன்ஜின்களையும் பழுது பார்த்தார். அவரை இந்தியாவின் முதல் பெண் லாரி மெக்கானிக் என்றார்கள். இருவரையும் வணங்குகிறேன். ஆனால் 'முதல் பெண்' என்ற தலைப்பு வந்த பிறகு, இரண்டாமவள் எங்கே, இருபதாமவள் எங்கே என்று கேட்க எவரும் வருவதில்லை. முதலாமவளுக்குப் பொன்னாடை கிடைக்கிறது. மற்றவர்களுக்குப் பட்டறையில் கழிப்பறைகூட இல்லை.

அந்த 'முதல்' என்பதும் எவ்வளவு பழையது என்று பாருங்கள். கார் என்ற பொருளே புதிதாக இருந்த 1888இல், பெர்த்தா பென்ஸ் கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார் என்று சொல்வார்கள். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்தில் வண்டி நின்றபோது, காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு பெண். அதுவும் எரிபொருள் வருகிற வழியில். அன்றைக்கு அங்கே மெக்கானிக் என்று வேறு யாரும் இல்லாததால் "உள்ளே போ" என்று சொல்லவும் யாரும் இருக்கவில்லை.

இப்போது வண்டிகள் மாறிவிட்டன. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வண்டிகள்தான் விற்கலாம் என்று ஆனது. பழைய பம்புக்குப் பதில் காமன் ரெயில். உள்ளே 1,600 பாருக்கும் மேலே போகிற அழுத்தம், அதைக் கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டர், கிராங்க் சென்சார், கேம் சென்சார். பழைய வண்டியில் செய்தது போல நாசில் பைப்பை இளக்கிப் பார்க்கிற வேலை இதில் ஆகாது. அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலை வெட்டி எடுக்கிற நிலை வரலாம். ஸ்கேனரை மாட்டிப் படிக்க வேண்டும். அதனால் இப்போது, "லேப்டாப் வேலைதானே, பொம்பளப் பிள்ளைகளும் பார்க்கலாம்" என்கிறார்கள். கதவு கொஞ்சம் திறந்தது நல்லதுதான். எனக்கு ஒரு பயம் உண்டு. ஸ்கேனர் சொல்வது 'ரெயிலில் அழுத்தம் குறைவு' என்கிற ஒரு வரி. அது அறிகுறி, காரணம் இல்லை. அடைத்த ஃபில்டரா, காற்று உறிஞ்சும் ஹோஸா, திரும்பி ஒழுகுகிற நாசிலா, பம்பா, சென்சாரே பொய் சொல்கிறதா என்று அது சொல்லாது. எண்ணைப் படித்துச் சொல்வதற்கு மட்டும் பெண்களை உட்கார வைத்துவிட்டு, காரணத்தைச் சொல்ல மறுபடி ஓர் அண்ணாச்சியைக் கூப்பிட்டால், அது டார்ச் பிடிக்கிற வேலையின் புது வடிவம்தான்.

என் பட்டறையில் இப்போது இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தி ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஒரு வருடம் படித்தவள், இன்னொருத்தி படிக்காதவள். இருவருக்கும் ஒரே விதி. வண்டிக்காரரிடம் கோளாறைச் சொல்ல வேண்டியது, கண்டுபிடித்தவள். பெயரோடு பில்லில் எழுதவும் வேண்டும். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் வேறு பட்டறைக்குப் போகிறார்கள். போகிறவர்களால் வருமானம் குறைந்திருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. போனவர்களில் சிலர் அடுத்த ஆனியில் திரும்பி வந்தார்கள்.

அந்த டிப்பர்க்காரி தினசரி காலண்டர் தாளில் செல்ஃப் கணக்கை இன்னும் எழுதி வைக்கிறாள். நான்தான் எழுதச் சொன்னேன். எத்தனை அடியில் எடுத்தது, புகை என்ன நிறம், முந்தின நாள் எங்கே நின்றது. போன வருடம் பேட்டரி படுக்கப்போவதை அந்தத் தாள்கள் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லின.

வண்டி உங்கள் பெயரிலோ, தவணை உங்கள் தலையிலோ, சங்கிலி உங்கள் கழுத்திலோ இருந்தால், "பம்ப் போச்சு" என்று சொல்கிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. செல்ஃப் அடிக்கும்போது புகை வந்ததா? ஏர் எடுத்துப் பார்த்தீர்களா, நுரை நின்றதா? கேனில் டீசல் கொடுத்து ஓட்டிப் பார்த்தீர்களா? கோளாறு காலையிலா, சூட்டிலா? பதில் தெரிந்தவர் கோபப்படமாட்டார், உட்கார்ந்து சொல்வார். கோபப்படுகிறவர் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் பம்பைக் கழற்றுவதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.